பத்தில் பிடித்த டேப்

ஜூன் 17, திங்கள்

இந்த நோட்டை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. வந்து இறங்கியதுமே ஆளுக்கொன்று கையில் திணித்துவிட்டார்கள். நாலு வாரமும் பார்த்தது, அளந்தது, மனதில் பட்டது எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாமாம். வகுப்பு நடத்தும் ஒர்னெல்லா அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்பதால் தைரியமாகத் தொடங்குகிறேன். இந்த இடம் நாறுகிறது.

ரோமுக்கு வடக்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரம், மலைமேல் ஒரு சின்ன ஊர். ஊர் முடிகிற இடத்தில் நானூறு வருடப் பழைய மாளிகை. அதன் பின்னால் தட்டுத் தட்டாக இறங்கும் தோட்டம். மேல்தட்டில் சிலைகள், நடுத்தட்டில் நீரூற்றுகள், கீழ்த்தட்டில் முழங்கால் உயரச் செடிகளைக் கோடு பிடித்ததுபோல் வெட்டிவிட்ட பாத்திகள். இதைப் படிக்கத்தான் பல நாட்டிலிருந்தும் பன்னிரண்டு பேர் வந்திருக்கிறோம். படத்தில் பார்த்தபோது சொர்க்கம். பக்கத்தில் போய் நின்றால் பூனை மூத்திர நாற்றம். ஏதோ பூனை போய்விட்டது என்று காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பூனையெல்லாம் இல்லை, அந்தச் செடியின் வாசனையே அதுதானாம். வெயில் ஏற ஏறக் கூடுமாம்.

தங்குமிடம் பழைய யாத்ரீகர் விடுதி. நாலு அறைக்கு ஒரு குளியலறை. கழுவிக்கொள்ளத் தனியாக ஒரு பீங்கான் தொட்டி வைத்திருக்கிறார்கள், அந்த மட்டுக்கும் புண்ணியம். ஆனால் அதில் யாரோ காலுறைகளை ஊறப்போட்டிருக்கிறார்கள். என் மனைவி செண்பகம் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் வைத்திருந்தாள். வெளிநாட்டுக்குப் போகிறவன் மக் தூக்கிக்கொண்டா போவான் என்று நான்தான் எடுத்து வெளியே போட்டேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கேள்வி அச்சடித்திருக்கிறது. பெயர்: கோமதிநாயகம், வயது 46. வேலை: திருநெல்வேலியில் ஒரு தனியார் கட்டடக்கலைக் கல்லூரியில் இணைப் பேராசிரியர். எதற்கு வந்தீர்கள்: கலை ஆர்வம். மூன்றாவது பொய். துறைத் தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழோடு வந்தால் அது உங்களுக்கு என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் மதுரையிலிருந்து ஒருத்தன் வந்து உட்கார்ந்துவிடுவான், நான் அவனுக்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்த வகுப்பில் சேர நான் அனுப்பிய பன்னிரண்டு வரைபடங்களையும் ஒர்னெல்லா அம்மா வராந்தாச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து மலையடிவாரக் கோயில் நந்தவனத்தை அளந்து வரைந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். மேலிருந்து பார்க்கிற படத்தில் எல்லா மரமும் வட்டமாகத்தான் இருக்கும், இவர் வரைந்ததில் மட்டும் ஒவ்வொன்றும் என்ன மரம் என்று தெரிகிறது என்றார். வேம்பு எது புன்னை எது என்று நான் சொல்லச் சொல்லத் தொட்டுப் பார்த்தார். தாளின் மூலையில் ‘கோமதிநாயகம் அசோசியேட்ஸ்’ என்று போட்டிருக்கிறது. அசோசியேட்ஸ் என்றால் நானும் செண்பகமும். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

ஜூன் 19, புதன்

காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி. நடுவில் மெல்லிசாகச் சீவிய பச்சைப் பன்றி இறைச்சி. வேக வைப்பதில்லை, சும்மா உப்புப் போட்டுத் தொங்கவிடுவதாம். பாலாடைக்கட்டி ஒன்று, அதன் வாசனை எங்கள் காலேஜ் ஹாஸ்டலை ஞாபகப்படுத்துகிறது. பீச் பழத்தை வைத்து உயிர் தரிக்கிறேன்.

காலுறை யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டேன். ரலிட்சா. பல்கேரியாக்காரி, முப்பது வயதிருக்கும். அவள் ஊர் நகராட்சிப் பூங்காவில் இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை, இந்தச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினால் நிரந்தரம் செய்வார்களாம். வந்த முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். சட்டைப்பையில் சூரியகாந்தி விதையைக் கொட்டி வைத்துக்கொண்டு எந்நேரமும் கொறிக்கிறாள். தோலை உள்ளங்கையில் துப்பி இன்னொரு பைக்குள் போடுகிறாள். பேசும்போதும் நிறுத்துவதில்லை. பார்க்கவே குமட்டுகிறது.

செடிகளில் புழு. பச்சையில் கருப்புக் கோடு போட்டது. ஒரு பாத்தி முழுக்க நூலாம்படை கட்டி இலையை அரித்துத் தள்ளியிருக்கிறது. இன்று என் காலருக்குள் ஒன்று இறங்கிவிட்டது.

ஜூன் 20, வியாழன்

மழை. புழு நனையவில்லை, நான் நனைந்தேன்.

ஜூன் 22, சனி

காலையில் சிலை வகுப்பு. மேல்தட்டில் மூக்கு உடைந்த ஆண்கள் அம்மணமாக நிற்கிறார்கள். ஒருத்தன் காதில் குளவி கூடு கட்டியிருக்கிறது. இதில் ஒன்றுகூட அசல் இல்லையாம். கிரேக்கர்கள் வெண்கலத்தில் செய்ததை ரோமர்கள் கல்லில் நகல் எடுத்து வைத்துக்கொண்டார்களாம். நகலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒர்னெல்லா அம்மா கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சிலையின் காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டையைக் காட்டினார். வெண்கலம் தானாக நிற்கும், கல் நிற்காது, கணுக்காலில் முறிந்துவிடும். அதனால் முட்டுக்கொடுக்க ஒரு கட்டையையும் சேர்த்தே செதுக்கிவிடுவார்களாம். வருகிறவர்கள் யாரும் கட்டையைப் பார்ப்பதில்லை என்றார். எனக்கு அந்த வகுப்பு பிடிக்கவில்லை. வெயில் அதிகம்.

மத்தியானம் நீரூற்று. கல் பெஞ்சில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். சுற்றிலும் தரையிலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. இந்தத் தோட்டத்தைக் கட்டிய பிரபு விருந்தாளிகளை இப்படி நனைத்துவிட்டுச் சிரிப்பானாம். சுவருக்குப் பின்னால் ஒரு வேலைக்காரன் ஒளிந்து நின்று குழாயைத் திறப்பானாம். வீட்டுக்கு வந்தவன் மேல் பாசித் தண்ணீரைப் பீச்சுவதற்கு ஒரு கலை, அதைப் படிக்க ஒரு கோடைக்காலம். கருமம். ரலிட்சா விழுந்து விழுந்து சிரித்தாள். என் ஒரே நல்ல சட்டை பச்சையாகிவிட்டது.

ஜூன் 24, திங்கள்

அளவெடுப்பு ஆரம்பம். இருவர் இருவராகப் பிரித்தார்கள். எனக்கு வாய்த்தது ரலிட்சா. எங்களுக்குக் கீழ்த்தட்டு, அதாவது பூனை மூத்திரப் பாத்திகள். பதினாறு பாத்தி, நடுவில் ஒரு தொட்டி. அளந்து வரைந்த வரைபடம்தான் சான்றிதழுக்குக் கணக்கு, ஜூலை ஆறாம் தேதி கொடுத்துவிட வேண்டும்.

லேசர் கருவியெல்லாம் கிடையாது, இங்கே டேப்தான். கையால் அளந்தால்தான் தோட்டம் உடம்புக்குள் போகும் என்பது ஒர்னெல்லா அம்மாவின் கொள்கை. எனக்கு ஒன்றும் சிரமமில்லை. டேப்பின் முனையைப் பிடிப்பதில் எனக்கு இருபது வருட அனுபவம். மூலையில் பத்தை அழுத்தி வைத்து ‘ம்’ என்று குரல் கொடுக்க வேண்டியது, அந்தப் பக்கம் இருப்பவர் படித்து எழுதிக்கொள்ள வேண்டியது. ஊரில் செண்பகம் எழுதுவாள். இங்கே ரலிட்சா எழுதினாள். அவள் முழங்கால் போட்டு, புழுவை விரலால் சுண்டிவிட்டு, ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுப் படித்து எழுதினாள். நான் நிழலாகப் பார்த்து நின்று ‘ம்’ போட்டேன்.

ஜூன் 27, வியாழன்

கணக்கு இடிக்கிறது.

ஒரு வரிசையில் நாலு பாத்தி, நடுவில் மூன்று நடைபாதை. ஏழையும் தனித்தனியாக அளந்தோம். அப்புறம் முழு நீளத்தையும் ஒரே மூச்சாக அளந்தோம். ஏழையும் கூட்டினால் முழு நீளத்தைவிட அறுபது சென்டிமீட்டர் அதிகமாக வருகிறது. நாலு வரிசையிலும் அதே கதை. தோட்டம் தன்னைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஒர்னெல்லா அம்மா அளவுப் புத்தகத்தைப் புரட்டினார். யார் எழுதியது என்று கேட்டார். ரலிட்சா கையைத் தூக்கினாள். எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் முனையைத்தானே பிடித்தேன், முனையில் என்ன தப்பு வந்துவிட முடியும்? விதையைக் கொறித்துக்கொண்டே படித்தால் இப்படித்தான் ஆகும்.

ஜூன் 28, வெள்ளி

மறுபடியும் முழுக்க அளந்தோம். இந்தத் தடவை அவள் விதையைத் தொடவே இல்லை. ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை படித்தாள். மறுபடியும் அறுபது. பாத்தி ஓரமாக உட்கார்ந்து அழுதாள். மூக்கை முழங்கையால் துடைத்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஒர்னெல்லா அம்மா கூப்பிட்டார். ரலிட்சா இனி வரைபடத்தில் இல்லை. நாளையிலிருந்து புழு பொறுக்கும் வேலை. சான்றிதழ் கிடைக்காது, கலந்துகொண்டார் என்று ஒரு கடிதம் மட்டும் கொடுப்பார்கள். அந்த நந்தவனத்தை வரைந்தவர் நீங்கள், அளவை எப்படியாவது சரிசெய்து தனியாக வரைந்து கொடுங்கள் என்றார். வராந்தாச் சுவரைக் காட்டித்தான் சொன்னார்.

நன்றி என்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று விடுமுறை. செண்பகத்துக்குப் போன் போட்டேன். அங்கே மத்தியானம் மூன்றரை. அம்பாசமுத்திரத்தில் ஒரு பழைய வீட்டை அளந்துகொண்டிருக்கிறாளாம், சோலி கிடக்கு, அப்புறம் பேசலாமா என்றாள். யார் டேப் பிடிக்கிறார்கள் என்று கேட்டேன். ஏதோ சொன்னாள், சிக்னல் விட்டுவிட்டது.

நான் இல்லாமல் அவள் எப்படி அளப்பாள் என்று தெரியவில்லை. வீட்டுக்காரனையே பிடிக்கச் சொல்லியிருப்பாள்.

பிறகு உட்கார்ந்து வரைய முயன்றேன். செடி வரிசையைத் தாளில் போட்டால் ரயில் தண்டவாளம் மாதிரி இருக்கிறது. தொட்டியோரம் இருக்கும் சைப்ரஸ் மரம் பூரி மாதிரி வந்தது. கிழித்துப் போட்டேன். இந்தத் தாள் சரியில்லை, ஒரே வழுக்கல்.

ஜூலை 1, திங்கள்

அளவுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துச் செண்பகத்துக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். சும்மா சரிபார்க்கத்தான் என்று எழுதினேன். கீழேயே, முடிந்தால் வரைந்து ஸ்கேன் செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு, இங்கே தாளில் பிரின்ட் எடுத்துக்கொள்கிறேன் என்றும் எழுதினேன்.

இதில் ஒன்றும் தப்பில்லை. எங்கள் அலுவலகம் எப்போதும் இப்படித்தான் நடக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

காலை வகுப்பில் இருக்கும்போதே போன் வந்தது. எழுந்து வெளியே போனேன். நலம் விசாரிக்கவில்லை, எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

“என்னங்க, பத்துல பிடிச்சீங்களா?”

பின்னே எதில் பிடிப்பார்கள் என்றேன்.

“பத்துல பிடிக்கேன்னு அந்தப் பிள்ளகிட்டச் சொன்னீங்களா?”

அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்றேன். மறுபடி சிக்னல் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

“நான் பத்தக் கழிச்சிட்டுல்லா எழுதுதேன். அவளுக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள், கிளாஸ் எடுப்பது மாதிரி. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் குற்றாலத்தில் ஒரு பங்களாவை அளக்கும்போது டேப்பின் கொக்கி ஜன்னலில் மாட்டிப் பிய்ந்து போனதாம். முனை நைந்துவிட்டது. அதனால் பத்து சென்டிமீட்டர் கோட்டில் பிடியுங்கள், நான் கழித்துக்கொள்கிறேன் என்றாளாம். அன்றிலிருந்து நான் பத்தில் பிடிக்கிறேன். அவள் ஒவ்வொரு அளவிலும் பத்தைக் கழித்து எழுதுகிறாள். வீடு, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், நந்தவனம், எல்லாம்.

அப்புறம் எத்தனை புது டேப் வந்தது, அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன்.

“சொன்னேன். இனிமே முனையிலயே பிடிங்கன்னேன். நீங்க போன் பேசிக்கிட்டு இருந்தீங்க. திரும்பவும் பத்துலயே பிடிச்சீங்க. சரி, கழிச்சுக்கிடலாம்னு விட்டுட்டேன்.”

ஏழு அளவுக்கு எழுபது, முழு நீளத்துக்குப் பத்து. மிச்சம் அறுபது. எல்லாவற்றிலும் பத்தைக் கழித்தால் தோட்டம் சரியாகப் பொருந்துகிறது. நான் மாளிகைச் சுவரில் சாய்ந்து நின்றேன். சுவரில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது.

வரைந்து அனுப்புவாயா என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டாள். புழு பொறுக்குகிறாள் என்றேன்.

“நான் வரையமாட்டேன்” என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 3, புதன்

பத்து பத்தாகக் கழித்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஒர்னெல்லா அம்மா பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். அந்தப் பெண்ணின் தப்பை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். அனுபவம் என்றேன். எழுதும்போதே நாக்கில் ஒரு கசப்பு. பாலாடைக்கட்டியாக இருக்கும்.

வரைபடம் ஒழுங்காக வர மாட்டேன் என்கிறது. ஒர்னெல்லா அம்மா என் மேசைக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றார். தாளைப் பார்த்தார், திரும்பி வராந்தாச் சுவரைப் பார்த்தார். கையில் ஏதாவது அடி பட்டிருக்கிறதா என்று அன்பாகக் கேட்டார்.

ஆமாம் என்றேன். சுளுக்கு என்றேன். சாப்பிட்டதும் மருந்துக்கடையில் போய் ஒரு கட்டுத்துணி வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். வயது நாற்பத்தாறு.

ஜூலை 4, வியாழன்

கட்டுக்குள் வியர்த்து நாறுகிறது. அவிழ்க்கவும் முடியாது.

ஜூலை 5, வெள்ளி

கையில் கட்டு இருப்பதால் ஒர்னெல்லா அம்மா சலுகை கொடுத்திருக்கிறார். பாத்தியின் கோடுகள் மட்டும் போட்டால் போதும், நந்தவன வரைபடங்களே தரத்துக்குச் சாட்சி, சான்றிதழ் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோருடைய பெயரையும் வாசிப்பார்கள். நான் ஜெயித்துவிட்டேன். தாளாளருக்குச் செய்தி அனுப்பப் போனை எடுத்தேன், அப்புறம் அனுப்பலாம் என்று வைத்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டில் ரலிட்சா எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. விரல் நுனியெல்லாம் பச்சை, நகத்துக்குள் புழுவின் மிச்சம். என் தட்டை இழுத்து என் ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கினாள். பீச் பழத்தைத் தோல் சீவி, கொட்டையை எடுத்துவிட்டு, என் இடது கைப் பக்கமாக வைத்தாள். அவள் அம்மாவுக்கும் ஒரு தடவை கை ஒடிந்ததாம். சட்டைப்பையிலிருந்து ஒரு தைலக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். சூரியகாந்தித் தோல் ஒட்டியிருந்தது. சாயங்காலம் தேய்த்துக்கொள், மறுபடி அந்த மரங்களை நீ வரைய வேண்டும் என்றாள்.

அந்தப் பழத்தைச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனேன். எல்லாம் வெளியே வந்துவிட்டது. பீங்கானில் இன்றைக்குக் காலுறை இல்லை. முகத்தைக் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். சீ என்று வாய்விட்டே சொன்னேன். இந்த ஊரில் நான் பார்த்த எதுவும் அந்த மூஞ்சி அளவுக்கு அருவருப்பாக இல்லை.

ஜூலை 6, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கீழ்த்தட்டுக்குப் போனேன். அவள் வாளியோடு மூன்றாவது பாத்தியில் இருந்தாள். டேப்பை இழுத்து, மூலையில் பத்தை வைத்து, என் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார் என்றேன். வந்து குனிந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் முனையிலிருந்து என் விரல் வரைக்கும் தன் விரலால் தொட்டுக்கொண்டு வந்தாள். என் கை நல்லபடியாக இருப்பதையும் அப்போதுதான் பார்த்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை, அளக்கும்போது எனக்கே தெரியாது, செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது என்றேன்.

“இன்னிக்கு சனிக்கிழமை” என்றாள்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு டேப்பை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டினாள். கடைசிவரை சுருட்டிவிட்டு ஒர்னெல்லா அம்மாவின் அறையைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அவள் வாய் திறக்குமுன் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஒர்னெல்லா அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் வராந்தாச் சுவரைக் காட்டி, அப்படியானால் இவற்றை வரைந்தது யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

என் மனைவி என்றேன். அங்கே நான் டேப் பிடித்தேன் என்றேன்.

பென்சிலைக் கொடுத்தார். பன்னிரண்டு தாளிலும் செண்பகத்தின் பெயரை எழுதச் சொன்னார். இங்கிலீஷில் எழுதினேன். முதல் தாளில் எழுத்துப் பிழை வந்தது, அழித்துவிட்டு எழுதினேன். அவள் பெயரை இதற்குமுன் எந்தத் தாளிலும் நான் எழுதியதில்லை.

சாயங்காலம் பெயர்களை வாசித்தார்கள். என் பெயர் இல்லை. ரலிட்சாவுக்கு மட்டும் ஒரு வாரம் கூடுதல் அவகாசம், வரைபடத்தை அவளே முடித்துக் கொடுக்க வேண்டும். புழு வாளி எனக்கு வந்தது. தாளாளருக்கு ஒரு வரியில் செய்தி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

ஜூலை 8, திங்கள்

புழுவைக் கையால்தான் எடுக்க வேண்டும். நசுங்கினால் பச்சையாக ஒரு சாறு. கையுறை கொடுத்தார்கள், அதன் விரலில் ஓட்டை. இன்றைக்கு இரண்டு வாளி. சோப்புத் தண்ணீரில் கொட்ட வேண்டும். மிதக்கிறது.

மத்தியானம் ரலிட்சா வந்து டேப்பை நீட்டினாள். ஒற்றை ஆளாக அளக்க முடியவில்லை, பிடி என்றாள். பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடியிலிருந்து எழுந்து இவ்வளவு தூரம் நடந்து வந்து, என் விரல் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் எழுதினாள். வெயிலில் முப்பத்தெட்டுத் தடவை. இடையில் ஒரு கைப்பிடி விதை கொடுத்தாள். தோலை எங்கே துப்புவது என்று தெரியாமல் முழுங்கிவிட்டேன்.

ஜூலை 10, புதன்

ரலிட்சாவின் கணக்குப் பொருந்திவிட்டது. வரைபடத்தின் மூலையில் என் பெயரையும் போட்டிருக்கிறாள். பெயருக்குப் பக்கத்தில் ‘டேப்’ என்று எழுதியிருக்கிறாள்.

செண்பகத்துக்குப் போன் செய்தேன். நான் சொல்லுமுன்னே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒர்னெல்லா அம்மா நேற்று அவளுக்கு நேராகக் கடிதம் எழுதியிருக்கிறார். அடுத்த கோடையில் இங்கே வந்து மரம் வரைவது பற்றிப் பாடம் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். போவாயா என்றேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாச்சு என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது. அதை என்னிடம் அதிகம் காட்டவில்லை.

மன்னித்துக்கொள் என்றேன். சரி என்றாள். எதற்குச் சரி என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பேச்சை மாற்றலாம் என்று, ஊருக்கு வந்ததும் அம்பாசமுத்திரம் வீட்டை முடித்துவிடலாம், நான் வந்து பிடிக்கிறேன், இனிமேல் முனையிலேயே பிடிக்கிறேன் என்றேன்.

“அது அன்னைக்கே முடிஞ்சிட்டுங்க. லேசர் மீட்டர் ஒண்ணு வாங்கியிருக்கேன். சுவத்துல வச்சு அமுக்குனா எதிர்ச் சுவரு வரைக்கும் தானா சொல்லிருது. யாரும் பிடிக்க வேண்டாம்.”

எப்போது வாங்கினாய் என்று கேட்டேன்.

“நீங்க பிளேன் ஏறுன மறுநாள்.”

அப்படியென்றால் நான் வந்து என்ன செய்யட்டும் என்றேன். சிரித்துக்கொண்டே கேட்கத்தான் நினைத்தேன், சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்றாள்.

ஜூலை 12, வெள்ளி

நாளை கிளம்ப வேண்டும். பெட்டியை அடுக்கிவிட்டேன். பச்சையான சட்டை எத்தனை தரம் துவைத்தும் வெளுக்கவில்லை. இன்று மூன்று வாளிப் புழு. செண்பகத்திடமிருந்து இன்னும் போன் வரவில்லை.